கோவையில் வளர்ந்த ‘மலர்’: நடிகை சாய் பல்லவியின் இளமையும் ஏற்றமும்

மதுக்கரையைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை வாளையாற்றில் தமிழகத்தை விட்டு மலையாள நாட்டுக்குள் நுழைகின்றது. சரக்கு லாரிகளும் சிமெண்ட் மூட்டைகளும் மட்டுமல்ல, திரைப்படங்களுங்கூட நெடுங்காலமாக இவ்வழியே இரு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கின்றன. 2015-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் வெளியான ‘பிரேமம்’ என்னும் மலையாளப் படம் அவ்வாறே எல்லை தாண்டி நம்மிடம் வந்தது. சென்னையில் அது 200 நாட்களைக் கடந்து ஓடிற்று. மலையாளம் அறியாதவர்களும் அதைத் தேடிச் சென்று பார்த்தார்கள்.

அப்படத்தில் மலர் என்ற தமிழ்ப் பெண் கல்லூரி ஆசிரியையாக வருகிறார். எளிய புடைவை, தோளில் புரளும் சுருள் கூந்தல், கன்னங்களில் முகப்பருக்கள். மறைப்பதற்கென்று பூச்சு எதுவும் இல்லை. கதாநாயகி என்றால் பளிங்குப் பொம்மை போல் இருக்க வேண்டும் என்று பழகிப்போன கண்களுக்கு இது பெரும் புதுமை. யார் இந்தப் பெண் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை கோவை மக்களுக்கு வியப்பையும் பெருமையையும் ஒருங்கே தந்தது. அவர் நம் ஊரில் வளர்ந்தவர். நம் நகரத்துக் கான்வென்ட் ஒன்றில் படித்தவர். அதைவிட வியப்பு, அப்போது அவர் அயல்நாட்டில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மாணவி.

சாய் பல்லவி 1992-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில் பிறந்தார். படுகர் குடும்பம். நீலகிரியின் மண்ணோடும் தேயிலையோடும் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட அம்மக்களுக்குத் தனி மொழி உண்டு, தனி உடை உண்டு, விழாக் காலத்தில் ஆணும் பெண்ணும் வட்டமிட்டு ஆடும் தனி ஆட்டமும் உண்டு. படுகர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்று வந்தவர்கள் அந்த ஆட்டத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். வயது முதிர்ந்த பாட்டியும் பள்ளிச் சிறுமியும் ஒரே வரிசையில் நின்று அடி பெயர்ப்பார்கள். ஆட்டம் என்பது அங்கே மேடைக்கு உரிய பொருள் அன்று, வீட்டுக்கு உரியது. சாய் பல்லவியின் நடனத்தில் காணப்படும் தயக்கமின்மைக்கு வேர் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

மலையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்கிக் கோவையில் குடியமர்ந்த குடும்பங்கள் பல. பிள்ளைகளின் படிப்பே பெரும்பாலும் காரணம். சாய் பல்லவியும் அவருடைய தங்கை பூஜாவும் வளர்ந்தது கோவையில்தான். மூத்தவர் கல்வி கற்றது அவிலா கான்வென்ட் பள்ளியில். அவிலாவின் புனித தெரேசாள் பெயரைத் தாங்கி நிற்கும் அப்பள்ளியை நம் வாசகக் குடும்பங்களில் பல நன்கறியும். பள்ளி விழா மேடைகளில் ஆடிய பல நூறு சிறுமிகளில் அவரும் ஒருவர். முறையான நடனப் பயிற்சி தமக்கு இல்லை என்று அவரே பலமுறை கூறியுள்ளார். தொலைக்காட்சியில் மாதுரி தீட்சித், ஐஸ்வர்யா ராய் ஆகியோரின் ஆடல்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றைப் போல் ஆடிப் பழகியதே அவருக்குக் கிடைத்த கல்வி.

இவ்விடத்தில் சற்றே நின்று கோவையின் கலை வரலாற்றை நினைவுகூர்வது தகும். தென்னிந்தியத் திரைக்கலையின் தொட்டில்களில் ஒன்று இந்நகரம். 1905-ஆம் ஆண்டில், இரயில்வேயில் வரைபடப் பணியாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோவைக்காரர் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் கொண்டு சென்ற படங்களுள் இயேசு பெருமானின் வாழ்க்கை பற்றிய ஊமைப்படமும் ஒன்று. 1914-இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் அரங்கின் பெயரை இன்றும் அத்தெரு தாங்கி நிற்கின்றது. பின்னர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கே எழுந்தன. பட்சிராஜா தயாரித்த ‘மலைக்கள்ளன்’ 1954-இல் வெளிவந்து, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்ற சிறப்பை எய்திற்று. அந்த ஸ்டூடியோக்கள் மறைந்த பிறகு, நடிக்க விரும்பிய கொங்கு நாட்டு இளைஞனும் இளம்பெண்ணும் இரவு இரயில் ஏறிச் சென்னைக்குச் சென்று, கோடம்பாக்கத்துத் தெருக்களில் அலைய வேண்டிய நிலை வந்தது. எத்தனை பேர் அவ்வாறு சென்று வெறுங்கையுடன் திரும்பினார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

தனியார் தொலைக்காட்சிகள் பெருகியபோது இந்நிலை மாறிற்று. திறமை தேடும் போட்டிகள் வீட்டுக் கூடத்துக்கே வந்து கதவைத் தட்டின. 2008-ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சி ‘உங்களில் யார் அடுத்த பிரபுதேவா’ என்ற நடனப் போட்டியை நடத்தியது. பதினாறு வயதுப் பெண்ணாகச் சாய் பல்லவி அதில் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு ஈ டிவி என்னும் தெலுங்குத் தொலைக்காட்சியின் ‘டீ’ நடனப் போட்டியிலும் ஆடினார். இவற்றிற்கு முன்பே 2005-இல் ‘கஸ்தூரி மான்’ படத்திலும், 2008-இல் ‘தாம் தூம்’ படத்திலும் அவருடைய முகம் சிறிது நேரம் தோன்றி மறைந்ததுண்டு. கூட்டத்தில் ஒருவராக வந்த அந்தப் பெண்ணை அன்று எவரும் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை.

‘அடுத்த பிரபுதேவா’ பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் பத்தாண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில் வெளிவந்த ‘மாரி 2’ படத்தில் தனுஷுடன் அவர் ஆடிய ‘ரௌடி பேபி’ பாடலுக்கு நடனம் அமைத்தவர் அதே பிரபுதேவா! யூடியூபில் அந்தப் பாடல் 2020-ஆம் ஆண்டில் நூறு கோடிப் பார்வைகளைக் கடந்தது. போட்டியில் தோற்ற பிள்ளையைத் திட்டித் தீர்க்கும் பெற்றோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தொலைக்காட்சியில் ஆடிப் பெயர் பெற்ற பெண்ணுக்கு அடுத்த படி சினிமாதான் என்று ஊர் எதிர்பார்க்கும். இங்கோ அந்தப் பெண் ஜார்ஜியா நாட்டுக்கு மருத்துவம் படிக்கச் சென்றார். தலைநகரான திபிலிசியில் 1918-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நம் நாட்டில் மருத்துவ இடம் கிடைப்பதன் அருமையையும் தனியார் கல்லூரிகள் கேட்கும் கட்டணத்தையும் அறிந்த பெற்றோருக்கு, இன்று ஜார்ஜியா என்ற பெயர் புதிதன்று. ஆறாண்டுப் படிப்பு, கடுங்குளிர், அறியாத மொழி, வீட்டுச் சோற்றுக்கு ஏங்கும் நாக்கு.

அங்கிருந்தபோதுதான், 2014-இல், அல்போன்ஸ் புத்திரன் என்ற இளம் இயக்குநர் ‘பிரேமம்’ படத்தில் நடிக்க அவரை அழைத்தார். சாய் பல்லவி என்ன செய்தார்? படிப்பை உதறிவிட்டு ஓடி வரவில்லை. விடுமுறை நாட்களில் வந்து நடித்துக் கொடுத்துவிட்டு, மீண்டும் வகுப்புக்குத் திரும்பினார். படம் வெளியாகி, மலர் டீச்சர் என்ற பெயர் கேரளம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்த வேளையிலும் அவர் மாணவிதான். சிறந்த புதுமுக நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது. இரண்டாவது படமான ‘கலி’க்கும் படிப்பிலிருந்து ஒரு மாதம் மட்டுமே விடுப்பு எடுத்தார். 2016-இல் அப்படம் வெளியாயிற்று. அவ்வாண்டே மருத்துவப் படிப்பும் நிறைவுற்றது. புகழ் வந்து வாசலில் நின்றபோது அதைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்த அந்த மன உறுதியை நாம் வியக்கிறோம்.

பட்டம் பெற்ற பின் அவர் மருத்துவத் தொழிலில் இறங்காமல் திரையிலேயே தொடர்ந்தார். படித்த படிப்பு வீணாயிற்றே என்று சொல்வோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கையில் வேறொரு தொழில் இருக்கிறது என்ற நிலையே, வேண்டாதவற்றை வேண்டாம் என்று சொல்லும் துணிவை ஒரு நடிகைக்குத் தரக்கூடும். பிழைப்புக்கு இதை விட்டால் வேறு வழியில்லை என்று நிற்கும் பெண்ணிடம் இத்துறை என்னென்ன கேட்கும் என்பதைப் பழைய நடிகையரின் வாழ்க்கைக் கதைகள் போதிய அளவு சொல்லியுள்ளன.

வேண்டாம் என்று அவர் சொன்னவற்றுள் ஒன்று நாடறிந்தது. முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு ஒன்றின் விளம்பரத்தில் நடிக்க 2019-ஆம் ஆண்டளவில் அவரை அழைத்தனர். அதற்கு 2 கோடி ரூபாய் பேசப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவர் மறுத்தார். காரணத்தைப் பின்னர் ஒரு நேர்காணலில் விளக்கினார். அவருடைய தங்கைக்குத் தாம் அக்காளை விட நிறம் குறைவு என்ற ஏக்கம் இருந்ததாம். காய்கறியும் பழமும் சாப்பிட்டால் நிறம் வரும் என்று அக்காள் ஏதோ விளையாட்டுப் போக்கில் சொல்லிவைக்க, அவற்றைப் பிடிக்காத அந்தச் சிறுமி நிறத்துக்காகவே அவற்றை உண்ணத் தொடங்கினாளாம். தம்மை விட ஐந்து வயது இளைய பிள்ளையின் மனத்தில் இது எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்று கண்டு அவர் வருந்தினார். வெளுப்பை விற்று வரும் பணத்தைக் கொண்டு தமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, தம் தேவைகள் சிறியவை என்ற கருத்துப்பட அவர் பேசினார். அந்தத் தங்கை பூஜா 2021-இல் ‘சித்திரைச் செவ்வானம்’ படத்தில் நடித்துத் திரைக்கு வந்தார் என்பது தனிச் செய்தி.

நிறம் பற்றிய இந்த நோய் நம் வீடுகளிலும் உண்டு என்பதை மறுக்க இயலுமா? குழந்தை பிறந்த செய்தி வந்ததும் ஆணா பெண்ணா என்பதை அடுத்து நாம் கேட்பது என்ன நிறம் என்பதைத்தானே. திருமண விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்ற சொல் இல்லாத பக்கம் அரிது. நம்மவர் கொடுக்கும் விளம்பரங்களும் இதற்கு விலக்கு அல்ல. முகப்பருவோடு திரையில் தோன்ற நேர்ந்தபோது மக்கள் ஏற்பார்களோ என்ற அச்சம் தமக்கு இருந்ததாகச் சாய் பல்லவி சொல்லியிருக்கிறார். படம் வந்த பிறகு பல இளம்பெண்கள் அவரைப் பார்த்தே கண்ணாடி முன் நிற்கத் துணிந்தார்கள் என்பதும் உண்மை.

உடை பற்றியும் அவர் ஒரு கோட்டைத் தமக்குத்தாமே வகுத்துக்கொண்டார். ஜார்ஜியாவில் படித்த நாட்களில் டேங்கோ என்னும் மேலைநாட்டு நடனம் பயின்று, பெற்றோரின் ஒப்புதலைப் பெற்று, அந்நடனத்துக்குரிய உடையணிந்து மேடையில் ஆடினார். ‘பிரேமம்’ வெற்றி பெற்றதும் எவரோ அந்தப் பழைய ஒளிப்பதிவைத் தேடியெடுத்துப் பரப்பினர். நடனத்தைப் பார்க்காமல் உடலைப் பார்த்தவர்கள் எழுதிய சொற்கள் அவரை நோகச் செய்தன. அதன் பின்னரே திரையில் உடல் தெரியும் உடைகளை அணிவதில்லை என்று தீர்மானித்ததாக அவர் கூறியுள்ளார். இங்கே பழி யாருடையது? ஆடியவருடையதா, அழுக்கோடு பார்த்தவர்களுடையதா? மகளுக்கு உடையைப் பற்றி அறிவுரை கூறும் தந்தையர், மகனுக்குப் பார்வையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை என்பதை நாம் குறிப்பிடாமல் விட இயலவில்லை.

மதுக்கரையில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் அண்மையில் நடந்த பேச்சு இது. பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண். பங்குத் திருவிழாவிலும் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் அவள் ஆடாமல் மேடை நிறையாது. தொலைக்காட்சி நடனப் போட்டிக்கான தேர்வு நடக்கிறது, அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறாள். சிமெண்ட் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற தாத்தா ஒரே பிடியாக நிற்கிறார். “ஏனுங்க, நம்ம ஊட்டுப் புள்ளைய டிவியில ஆட உட்டா, நாளைக்குப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?” என்று நம்மிடம் நியாயம் கேட்டார். மருமகள் கதவோரம் நின்றபடி, “சாய் பல்லவி ஆடுலீங்களா மாமா?” என்றார். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ள டாக்டருக்குப் படிச்ச புள்ள” என்று முடித்துக்கொண்டார்.

பெரியவரின் அச்சத்தைப் பழமை என்று தள்ளிவிட நாம் ஆயத்தமாக இல்லை. தொலைக்காட்சிப் போட்டிகளில் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பெரியவர்களின் காதல் பாடல்களுக்குப் பொருந்தாத அசைவுகளோடு ஆடவைப்பதை நாம் கண்டிருக்கிறோம். இந்த வழக்கம் மிகுந்துபோனதால்தான் 2019 ஜூன் மாதத்தில் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம், குழந்தைகளை அவ்வாறு காட்டுவதைத் தவிர்க்குமாறு தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்ப நேர்ந்தது. நடுவர்கள் ஏசுவதும், பிள்ளை அழுவதும், அழுகையைக் காட்டி விளம்பரம் சேர்ப்பதும் இதில் அடக்கம். சாய் பல்லவி ஒருவர் மேலேறினார் என்றால், அதே மேடைகளில் ஆடிய எத்தனையோ பிள்ளைகளின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. ஆகவே அந்தத் தாயிடம் நாம் கூறியது இவ்வளவே: தேர்வுக்கு அனுப்புவதானால் உடன் செல்லுங்கள்; எந்தப் பாடலுக்கு, என்ன உடையில் ஆடவேண்டும் என்பதை முன்னதாகவே கேட்டறியுங்கள்; பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நாட்களில் படப்பிடிப்புக்கு வரவியலாது என்பதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். பெரியவர் இன்னும் இணங்கவில்லை. பெண் பேசாமல் இருக்கிறாள்.

இனி அவருடைய படங்கள். எல்லாவற்றையும் பட்டியலிடுவது நம் நோக்கமன்று. சிலவற்றை மட்டும் சொல்வோம். 2017-இல் வந்த ‘ஃபிதா’ அவரைத் தெலுங்கு நாட்டின் வீட்டுப் பிள்ளையாக்கிற்று. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொள்ளாத அவர், தெலங்கானா வட்டார வழக்கைக் கற்றுத் தம் குரலிலேயே பேசினார். இரவல் குரலில் உதடு மட்டும் அசைக்கும் வழக்கம் மலிந்த துறையில் இது சிறு செயல் அன்று.

தமிழில் கதாநாயகியாக அவர் முதலில் தோன்றிய படம் 2018-இல் வெளிவந்த ‘தியா’. ‘கரு’ என்று முதலில் பெயரிடப்பட்டிருந்த இப்படத்தை இயக்கியவர் ஏ. எல். விஜய். இளவயதில் கருவுற்ற ஒரு பெண்ணை இரு வீட்டாரும் வற்புறுத்திக் கருவைக் கலைக்கச் செய்கின்றனர். பிறவாமல் போன அந்தக் குழந்தை உருக்கொண்டு வந்து, தனக்கு உலகைக் காணவிடாதவர்களை ஒவ்வொருவராகப் பழிவாங்குகின்றது. பேய்க்கதையாக இதை அமைத்தது நமக்கு உவப்பாக இல்லை. பிறவாத பிஞ்சு பழிவாங்கும் என்பதை எந்தத் தாயின் மனமும் ஏற்காது. எனினும், குடும்ப மானம் என்ற பெயரால் நான்கு சுவருக்குள் ஓர் உயிர் முடிக்கப்படுவதையும், அந்த இழப்பை அந்தப் பெண் மட்டும் ஆண்டுக்கணக்கில் சுமப்பதையும் அப்படம் சொல்லத் துணிந்தது. அந்தத் தாயின் ஏக்கத்தைச் சாய் பல்லவி அழுது புலம்பாமல் கண்களாலேயே காட்டினார்.

‘கார்கி’ வேறு வகை. 2022 ஜூலையில் வெளிவந்தது. கௌதம் ராமச்சந்திரன் இயக்கியது. ஆடலுக்கென்றே பெயர் பெற்றவர் இதில் ஒரு அடிகூட ஆடவில்லை. கார்கி ஒரு பள்ளி ஆசிரியை. அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலராகப் பணிபுரியும் அவளுடைய தந்தை, ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் பங்குடையவர் என்று கைது செய்யப்படுகிறார். ஊர் தூற்றுகிறது, வேலை போகிறது, வழக்கறிஞர்கள் கைவிடுகின்றனர். தந்தை குற்றமற்றவர் என்ற நம்பிக்கையோடு மகள் தனியாக நின்று போராடுகிறாள். இறுதியில் உண்மை வெளிப்படும்போது அவள் காலடியிலிருந்த நிலமே நழுவிவிடுகிறது: தந்தை குற்றவாளிதான். அப்போதும் அவள் சிறுமியின் பக்கமே நிற்கிறாள்.

குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. ஆயினும் இத்தகைய குற்றங்களில் பெரும்பாலானவை குழந்தைக்கு அறிமுகமானவர்களாலேயே இழைக்கப்படுகின்றன என்பதைச் சொல்ல நம் குடும்பங்கள் இன்னும் கூசுகின்றன. சொந்தக்காரரையோ, மதிப்புக்குரிய பெரியவரையோ பற்றிக் குழந்தை ஏதேனும் சொன்னால் ‘வாயை மூடு’ என்பதே முதல் விடையாக இருக்கின்றது. ‘கார்கி’யை வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து அமர்ந்து பார்க்குமாறு நாம் தயங்காமல் சொல்வோம். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். தமிழில் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதை இப்படம் அவருக்குப் பெற்றுத் தந்தது.

2024-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளியான ‘அமரன்’ நம் வாசகர்களில் பலர் பார்த்த படமாக இருக்கும். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்தின் சோப்பியான் மாவட்டத்தில் வீரமரணம் எய்திய மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை அது. அவருடைய துணைவியார் இந்து ரெபேக்கா வர்கீஸ் கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 2015 குடியரசு நாளில், கணவருக்கு மரணத்துக்குப் பின் வழங்கப்பட்ட அசோகச் சக்கரத்தை அவர் கண்ணீர் சிந்தாமல் பெற்றுக்கொண்ட காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பெண்ணாக நடிப்பதுதான் சாய் பல்லவிக்கு வாய்த்த பணி. வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் துயரத்தைத் திரையில் அணிந்துகொள்வது கத்திமேல் நடப்பதற்கு ஒப்பானது. சற்று மிகுந்தாலும் அவமதிப்பாகிவிடும். மாமியாரும் மருமகளுமாக, மொழியும் மதமும் வேறுபட்ட இருவர் ஒரே இழப்பில் ஒன்றாகும் பகுதிகளில் அவர் காட்டிய அடக்கத்தை நாம் மெச்சுகிறோம். கலப்பு மணத்தால் மனக்கசப்புற்ற குடும்பங்கள் இப்பகுதியைக் கூர்ந்து பார்த்திருப்பார்கள். 2024 டிசம்பரில் நடைபெற்ற சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படத்துக்காக அவர் சிறந்த நடிகை விருது பெற்றார்.

2025 பிப்ரவரியில் நாக சைதன்யாவுடன் நடித்த ‘தண்டேல்’ என்னும் தெலுங்குப் படம், பாகிஸ்தான் சிறையில் அகப்பட்ட ஆந்திர மீனவர்களைப் பற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு, 2021-ஆம் ஆண்டுக்கான கலைமாமணி விருதை அவருக்கு அறிவித்தது. இந்தியில் நிதேஷ் திவாரி இயக்கும் ‘ராமாயணா’வில் சீதையாக நடிக்க அவரைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டு பாகங்களாகத் திட்டமிடப்பட்ட அதன் முதற்பாகத்தை 2026 தீபாவளிக்கு வெளியிடப்போவதாகத் தயாரிப்பாளர்கள் 2025-இல் தெரிவித்தனர்.